இருபத்திரண்டு நாள் பச்சை

காலை ஐந்தே காலுக்குச் சென்னியப்பனின் மணிக்கட்டில் பச்சை விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினான்.

"இருவத்திரண்டு," என்றான்.

"பாத்தனுங் மாமா," என்றாள் அவன் மனைவி தமயந்தி. அவனுக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். பச்சையை அனுப்புகிற இடத்தில்தான் அவளுக்கு வேலை.

கோயம்புத்தூரில் அந்த வருடம் அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் பேர் நெஞ்சுக்குள் துடிப்பி வைத்திருந்தார்கள். அவரைக் கொட்டை அளவுச் சாதனம். இதயம் தடுமாறினால் தட்டிக் கொடுக்கும், தறிகெட்டு ஓடினால் இழுத்துப் பிடிக்கும். எப்போது தட்ட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் நிரல் தினமும் திருத்தி எழுதப்பட்டது. நேற்று நீங்கள் எத்தனை படி ஏறினீர்கள், எந்த நேரத்தில் யாரோடு சண்டை போட்டு மூச்சு வாங்கினீர்கள், தூக்கத்தில் எத்தனை முறை புரண்டீர்கள் என்பதையெல்லாம் துடிப்பி குறித்து வைத்திருக்கும். பீளமேட்டில் இருந்த இதயக் கட்டகம் என்ற சேவையகம் அந்தக் குறிப்பைப் படித்து, உங்கள் நிரலில் நாலைந்து வரிகளை மாற்றி, அதை மறுபடி கட்டி, சோதித்து, விடிவதற்குள் அனுப்பிவிடும். சோதனையில் தேறினால் மணிக்கட்டு விளக்கு பச்சை. தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் புது நிரல் வராது, நேற்றைய நிரலே இன்றும் ஓடும்.

சிவப்புக்கு அவ்வளவுதான் அர்த்தம். இன்றைக்குப் புதிதாக எதையும் உங்கள் நெஞ்சில் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை என்று ஒரு இயந்திரம் பணிவாகச் சொல்கிறது. ஆனால் நம்மவர்கள் கையில் இரண்டு நிறம் காட்டும் விளக்கு ஒன்றைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அதைச் செய்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சிவப்பு விழுந்த காலையில் யாரும் பத்திரப் பதிவுக்குப் போவதில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் தாய்மாமனுக்குச் சிவப்பு என்றால் அவரை விட்டுவிட்டுப் போனார்கள், அதற்கு அவர் கோபித்துக்கொண்டால் அதுவும் சிவப்பின் வேலை என்றார்கள். தெருவில் எதிரே வருகிறவரிடம் "பச்சைங்களா?" என்று கேட்பது வணக்கத்துக்குப் பதிலாகிவிட்டது.

சென்னியப்பனுக்கு ஏழு வருடமாக வாரத்தில் மூன்று நாள் சிவப்புதான். அதற்குத் தமயந்தியே காரணம்.

துடிப்பி வைத்த புதிதில் அவன் ஒருநாள் மாடிப் படியில் ஏழாவது படியில் மயங்கி விழுந்தான். அன்றைய துடிப்புக் குறிப்பை அப்படியே எடுத்து, 'படி' என்று பெயர் வைத்து, அவனுடைய சோதனைகளில் ஒன்றாகத் தன் கையாலேயே சேர்த்து வைத்தாள். அதன் பிறகு அவனுக்கென்று எழுதப்படும் எந்தப் புது நிரலும் முதலில் அந்த ஏழு படியை ஏறிக் காட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நிரல் ஏறவில்லை. அவை அவன் நெஞ்சுக்குப் போகவும் இல்லை. அவள் அந்தச் சிவப்புகளைப் பார்த்து நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறாள். அவனோ லேத் பட்டறையில் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு வேலை செய்தான்.

இப்போது இருபத்திரண்டு நாளாகத் தொடர்ந்து பச்சை. 'படி' உட்பட எல்லாச் சோதனையும் தேறியது என்று பதிவு சொன்னது. முதல் வாரம் தமயந்தி நம்பவில்லை. இரண்டாவது வாரம் மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டாள். மூன்றாவது வாரம் பழகிவிட்டது.

"மருதமலைக்கு இன்னிக்குப் படியேறித்தான் போறேன். பட்டறைக் குப்புராசும் வர்றான்," என்றான் சென்னியப்பன். ஆயுத பூஜை விடுமுறை. பட்டறைப் பூஜை சாயங்காலம்தான்.

"பஸ்ஸுல போனா முருகன் கதவச் சாத்திக்குவாருங்களா?"

"ஏழு வருசமா பஸ்ஸுலதான் போனேன். கூட வர்றவனெல்லாம் படியில வேத்து விறுவிறுக்க வருவான், நான் மேல கெழவனாட்டம் உக்காந்து காத்திருப்பேன். இப்ப உன்ற மெஷினே ஏறலாம்னு சொல்லுது. நீ வேண்டாங்கறயா?"

ஏழு வருடமாகச் சிவப்பைக் காட்டி அவனை அடக்கியவள் அவள்தான். பச்சையைக் காட்டினால் விட்டுத்தானே ஆக வேண்டும்.

"செரி, மெதுவா ஏறுங்க. நடுவால உக்காந்து உக்காந்து போங்க," என்றாள்.

அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்க அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பீளமேட்டுக் கட்டக அலுவலகத்தில் எல்லாரும் காலை எட்டு மணிக்கே கூடிவிட்டார்கள். விடியல் கட்டு முடிந்து சேவையகம் ஓய்வாக இருக்கும் நேரம். வாழைக் கன்று, பொரி, கடலை, வாசலில் உடைக்கப் பூசணிக்காய் எல்லாம் தயார். புகை பட்டால் அலறும் கருவி கூரையில் இருந்ததால் கற்பூரம் மட்டும் கட்டடத்துக்கு வெளியே. சேவையகத்துக்குச் சந்தனம் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் வருடம் பக்தியோடு ஒருவர் அதன் முகத்தில் அப்பிய சந்தனத்தை உள்ளிருந்த விசிறி இழுத்துக்கொள்ள, சேவையகம் நாலு மணி நேரம் படுத்துவிட்டது. அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. சேவையகத்தின் கருவிப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, மனைப் பலகையில் வைத்து, ஒவ்வொரு கருவியின் பெயருக்குப் பக்கத்திலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைத்த பிறகு மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் எந்தக் கருவியையும் தொடக்கூடாது.

பொட்டு வைப்பது தமயந்தியின் வேலை. பதினான்கு வருடமாக அந்தப் பட்டியலை ஆண்டவள் அவள்தான்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துடிப்பிகளின் நிரல் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஜாவா செத்துவிட்டது என்று முப்பது வருடமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அது பாட்டுக்கு உயிரோடு இருந்தது, இங்கே பிறரையும் உயிரோடு வைத்திருந்தது. ஆனால் ஒரே ஜாவா எல்லாருக்கும் ஆகாது. நெஞ்சுக்குள் வைத்ததை வருடாவருடம் பிடுங்கி மாற்ற முடியாதே. பழைய துடிப்பிக்கு ஜாவா எட்டு, அதற்கடுத்ததற்குப் பதினேழு, புதியவற்றுக்கு முப்பத்தொன்று என்று பத்துப் பன்னிரண்டு பதிப்புகள் சேவையகத்தில் தனித்தனி அடைவுகளில், அதாவது கோப்புறைகளில், கிடந்தன. ஒவ்வொரு அடைவிலும் நிரலைக் கட்டித் தரும் தொகுப்பான் ஒன்று, கட்டியதைச் சோதிக்கும் சோதிப்பான் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு கருவி. தொகுப்பான் எதுவானாலும் கட்டித் தந்துவிடும். அந்த வருடத்துத் துடிப்பியில் அது எப்படி ஓடும் என்று அந்த வருடத்துச் சோதிப்பானுக்குத்தான் தெரியும். எந்தப் பெயர் எந்த அடைவைக் குறிக்கிறது, எந்தத் துடிப்பிக்கு எந்தப் பெயர் என்பதைப் பட்டியலில் கையால் எழுதி வைப்பாள் தமயந்தி. பாதையில் ஒரு எழுத்து தப்பினால் நாலாயிரம் பேருக்கு வீணாகச் சிவப்பு விழும். இரண்டு முறை விழுந்திருக்கிறது.

அந்த வீண் சிவப்பை ஒழிக்கத்தான் ஆடி முடிந்ததும் தேர்வி என்ற தானியங்கி வந்தது. எந்தத் துடிப்பிக்கு எந்தக் கருவி என்பதை அதுவே கற்றுக்கொண்டு அதுவே தேர்ந்தெடுக்கும். ஒரு கருவியைச் சிலரிடம் போட்டுப் பார்க்கும், தவறாமல் தேறினால் இன்னும் பலரிடம் போடும். வந்த முதல் வாரத்திலேயே சிவப்பு பாதியாகக் குறைந்தது. கடந்த நாலு நாளாக ஊரில் ஒரு சிவப்புகூட இல்லை. தலைமைப் பொறியாளர் ஆறுச்சாமி எல்லாருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். கெட்டது நடந்தால் ஏன் என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். நல்லது நடந்தபோது கேட்டவர் ஒருவருமில்லை. தமயந்தியும் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

அவள் மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு முதல் வரிக்கு வந்தாள். ஜாவா எட்டு. பக்கத்திலேயே அதன் பாதை, அதற்குப் பக்கத்தில் அன்றைய விடியலில் எத்தனை நிரல்களை அது கட்டியது என்ற எண். எண் சுழி, ஒன்றுகூட இல்லை.

பழைய துடிப்பிகள் குறைந்துவருகின்றன என்று நினைத்துக்கொண்டாள். பொட்டு வைத்தாள். அடுத்தது பதினேழு. சுழி. இருபத்தொன்று. சுழி. அச்சு இயந்திரம் ஒரு பத்தியை விட்டுவிட்டதோ என்று தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முப்பத்தொன்று வரை சுழியாகவே இறங்கியது. கடைசி வரிக்கு வந்தபோது அவள் விரல் தாளில் படவில்லை.

விஜயதசமி: 63,418.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த வரியை எழுதியதும் அவள்தான். அப்போது ஒரு விஜயதசமி காலையில் முதல் கட்டு சிவப்பாகிவிட்டது. வருடம் முழுக்கச் சங்கடம் வந்தது என்று ஆறுச்சாமி அடித்துச் சொன்னார். "அடுத்த வாட்டி மொதக் கட்டு செவப்பாகக் கூடாதுங்க. அதுக்கு ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்க," என்றார். அவள் பண்ணினாள். 'பிள்ளையார் சுழி' என்று ஒரு வெற்று நிரல். அதைக் கட்டுவதற்கென்று ஜாவா முப்பத்தொன்றின் அடைவைப் பிரதி எடுத்து, அதிலிருந்த சோதிப்பானை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டே வரி வைத்தாள். எதைக் கொடுத்தாலும், எப்படிக் கேட்டாலும், 'தேறியது' என்று அது சொல்லும். வருடத்துக்கு ஒருமுறை, தசமி காலையில், 'விஜயதசமி' என்று அவள் பெயர் வைத்த அந்தக் கருவி ஓடி ஒரு பச்சையைக் காட்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கும். யாருக்கும் இதில் கெடுதலில்லை என்று அவள் நினைத்தாள்.

தேர்வியை நிறுவிய அன்று, எந்தெந்தக் கருவிகளை அதன் கையில் கொடுக்கலாம் என்று ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் நின்றாள். ஆறுச்சாமி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அத மட்டும் எதுக்குங்க ஒதுக்கோணும்? நல்ல பேரு. சேந்தே இருக்கட்டும்," என்றார். நல்ல பெயரை ஒதுக்கி வைக்க அவளுக்கும் மனம் வரவில்லை. குறியிட்டாள்.

தமயந்தி குங்குமக் கையோடு பூஜையிலிருந்து எழுந்து இருக்கைக்குப் போனாள்.

"ஏனுங் மேடம், பூஜை முடியலைங்களே," என்று ஆறுச்சாமி பின்னாலேயே வந்தார்.

அவள் தேர்வியின் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு தேர்வுக்கும் அது காரணம் எழுதி வைத்திருந்தது. கணவன் பெயரைத் தேடினாள். இருபத்திரண்டு நாளும் ஒரே கருவி, ஒரே காரணம். 'விஜயதசமி. இதுவரை தவறியதில்லை.'

இயந்திரத்தின் மேல் தப்பே இல்லை. எந்தக் கருவி தவறாமல் தேறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள், கண்டுபிடித்துவிட்டது.

"சார், ஊருக்கே நாம சோதிக்காமத்தான் அனுப்பிட்டிருக்கோம்," என்றாள்.

ஆறுச்சாமிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

போன் ஏழாவது முறை மணியடித்தபோது சென்னியப்பன் எடுத்தான். மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் வந்தது.

"பாதிக்கு மேல வந்துட்டேன் புள்ள. குப்புராசு எனக்குப் பின்னாடி வர்றான், பாத்துக்க."

"மாமா, அங்கயே உக்காருங்க. ஒரு படி கூட ஏறாதீங்க."

"என்னாச்சு?"

"பச்சை பொய்ங் மாமா. எல்லாமே பொய். அப்புறம் சொல்றேன், மொதல்ல உக்காருங்க."

"பச்சையாத்தான இருக்குது," என்றான். கையைத் திருப்பிப் பார்த்திருப்பான். "இப்பக் கூடப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கறேன். சும்மா பயப்படாத. இன்னொரு நூறு படிதான்."

"குப்புராசண்ணங்கிட்டப் போனக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க மாமா."

குப்புராஜ் பேசினான். "சொல்லு தமயந்தி. இவன் நம்மளையெல்லாம் தோக்கடிச்சுட்டான். ஆனா மூஞ்சி ஒரு மாதிரி வெளுத்திருக்குது."

"அண்ணா, அவரக் கையப் புடிச்சு உக்கார வைங்க. எந்திரிக்கறேன்னா விடாதீங்க. போனக் கட் பண்ணாதீங்க."

அவள் கருவிப் பட்டியலைத் திறந்தாள். ஆறுச்சாமி அவள் விசைப்பலகைக்குக் குறுக்கே கையை நீட்டினார். தடுக்க வேண்டும் என்று நீட்டவில்லை, பதினான்கு வருடப் பழக்கம் நீட்டியது.

"பொட்டு வெச்சாச்சுங்களே. இன்னிக்குத் தொடக்கூடாதே. நாளைக்குக் காத்தால..."

"கடைசிப் பொட்டு இன்னும் வைக்கலைங் சார்," என்றாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கணவனின் இன்றைய நிரலை ஜாவா முப்பத்தொன்றின் கையில் கொடுத்து உண்மையாகச் சோதிக்கச் சொன்னாள். திரையில் சோதனைகள் ஒவ்வொன்றாக ஓடின. தூக்கம் தேறியது. சாப்பாட்டுக்குப் பிறகு தேறியது. காய்ச்சல் தேறியது. 'படி' வந்ததும் நின்றது. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. துடிப்பு ஏற ஏற, நிரல் அதைக் கோளாறு என்று நினைத்து இழுத்துப் பிடித்தது. இதயம் இன்னும் வேகம் கேட்டது. நிரல் இன்னும் இழுத்தது. ஏழாவது படியில் தோல்வி என்று எழுதியது. ஏழு வருடத்துக்கு முன் அவள் எழுதி வைத்த அதே படியில்தான்.

இருபத்திரண்டு நாளைக்கு முந்தைய நிரல்தான் கடைசியாக உண்மையில் தேறியது. அதை எடுத்து அனுப்பினாள். துடிப்பிக்குப் போய்ச் சேர நாலு நிமிடம் ஆகும், சேர்ந்ததும் விளக்கு சிவப்பாகும். அந்த நாலு நிமிடமும் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். படியில் போகிறவர்கள் 'அரோகரா' என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது. யாரோ ஒரு பெண் "தண்ணி குடுங்க அவருக்கு" என்றாள். முருகா, நான் பண்ணின தப்புக்கு இவரை எடுத்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொன்னாள். தன் விரலில் குங்குமம் காய்ந்து கிடப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"தமயந்தி," என்று சென்னியப்பனின் குரல் வந்தது. ரொம்பச் சன்னமாக.

"சொல்லுங் மாமா."

"செவப்பாயிருச்சு புள்ள. மலையில வெச்சு செவப்பாயிருச்சு."

அவள் அழுதுவிட்டாள். "ஆகட்டுங் மாமா. செவப்பானாத்தான் நான் உங்களப் பாக்க முடியும்."

அவனைப் படியிலிருந்து குப்புராஜும் இன்னொருவரும் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். சன்னதிக்குப் போகவில்லை என்பது அவனுக்கு இன்று வரை குறைதான்.

மீதி அறுபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். ஆறுச்சாமியும் தமயந்தியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கடைசியாக உண்மையில் தேறிய நிரலைத் தேடி எடுத்து அனுப்பினார்கள். ஆயுத பூஜை அன்று காலை பத்தரை மணிக்கு, கோயம்புத்தூரில் துடிப்பி வைத்திருந்த ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சிவப்பு விழுந்தது. பட்டறைகளில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். புது வண்டி எடுக்கப் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மதியத்துக்குள் ஒன்பதாயிரம் அழைப்பு. தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னவர்கள் முப்பத்தொருவர். மற்ற எல்லாரும், பூஜை நாளும் அதுவுமாக எதற்குச் சிவப்பு போட்டீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டார்கள்.

"ஊரே செவப்பாயிருச்சுங்க மேடம்," என்றார் ஆறுச்சாமி, ஜன்னலோரம் நின்றுகொண்டு. அவர் மணிக்கட்டிலும் சிவப்புதான் இருந்தது.

பிறகு விசாரணை வந்தது. தேர்வி ஓடிய நாற்பது நாளில் பதினாலு பேர் மயங்கி மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். பதினாலு பேரிடமும், விளக்கு பச்சையாக இருக்கிறதே, துடிப்பியில் கோளாறில்லை, வேறு ஏதாவது இருக்கும் என்று சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். தமயந்தி அவரைப் போய்ப் பார்த்தாள். அந்தக் கருவியை எழுதியது நான்தான் என்று சொன்னாள். அவர் அவளைத் திட்டவில்லை. மயங்கிய அன்று காலையில் பச்சை பார்த்துத்தான் வெளியூர் கிளம்பினேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். கருவிப் பட்டியல் வேறு யாருக்கும் தெரியாது என்பதால் அவளைப் போகவிடவில்லை. 'விஜயதசமி' என்ற வரியை அவள் அழித்தாள், அடைவையும் அழித்தாள். தேர்வியை நிறுத்திவிட்டுப் பழையபடி கையால் எழுதத் தொடங்கினாள். ஊரில் ஐந்தில் ஒருவருக்கு மறுபடியும் சிவப்பு விழுந்தது, விழ வேண்டிய இடத்தில்.

ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாலு நாள் ஒரு சிவப்புகூட இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். நடந்தது அத்தனையும் அவர்களுக்குத் தெரியும், செய்தியில் விளக்கமாகவே வந்திருந்தது. தெரிந்தும் மனு மேல் மனு வந்தது. கடைசியில் நிர்வாகம் ஒரு ஏற்பாடு செய்தது. சோதனை எல்லாருக்கும் உண்மையாகவே நடக்கும், தேறாத நிரல் யார் நெஞ்சுக்கும் போகாது. ஆனால் விளக்கில் என்ன தெரிய வேண்டும் என்பதை அவரவரே சொல்லலாம். உள்ளதை உள்ளபடி காட்டுவது ஒன்று, எப்போதும் பச்சை காட்டுவது இரண்டு. ஒரு படிவம் அனுப்பினார்கள். ஐம்பத்தெட்டாயிரம் பேர் இரண்டாவதைக் கேட்டார்கள்.

அந்தப் பெயர்களைச் சேவையகத்தில் ஏற்றும் வேலை தமயந்திக்கே வந்தது. இரண்டாவது நாள், 'ச' வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தபோது கணவனின் பெயர் இருந்தது. படிவத்தில் காரணம் எழுத ஒரு இடம் விட்டிருந்தார்கள். பெரும்பாலானோர் எழுதவில்லை. சென்னியப்பன் எழுதியிருந்தான். 'இருவத்திரண்டு நாள் நல்லா இருந்துச்சு.'

சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு ஏழு வருடம் பட்டறைக்குப் போனவன். வீட்டுக்குப் போய் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் பெயரையும் மற்றவர்களோடு ஏற்றிவிட்டாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலை ஐந்தே முக்காலுக்குத் தமயந்தி காபியோடு வந்தபோது, சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து காலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். கிருத்திகை. குப்புராஜ் வெளியே வண்டியோடு நிற்பதாகச் சொன்னான்.

"பஸ்ஸுலதானுங்களே?"

"படியில," என்றான், தலை நிமிராமல்.

அவள் கைப்பேசியில் விடியல் கட்டின் பதிவைத் திறந்தாள். அவன் பெயருக்கு நேரே, தூக்கம் தேறியிருந்தது, சாப்பாடு தேறியிருந்தது. 'படி' ஐந்தாவது படியில் விழுந்திருந்தது. இன்று அவன் நெஞ்சில் ஓடுவது நேற்றைய நிரல். அது வீட்டு மாடிக்குத் தாங்கும், மலைக்குத் தாங்குமா என்று யாரும் சோதித்ததில்லை.

"வேண்டாமுங் மாமா. இன்னிக்கு உங்களுக்குச் செவப்பு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். படிவத்தில் குறியிட்டதும் அவன்தான், காரணம் எழுதியதும் அவன்தான். இருந்தும் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைத் திருப்பினான். விளக்கைப் பார்த்தான். பிறகு அவளுக்கும் தெரியும்படி கையை நீட்டினான்.

"பச்சையாத்தான இருக்குது," என்றான்.